அப்பா தாழ்த்திய பிக்கப்

அப்பா அந்த பிக்கப் வண்டியைக் கொண்டுவந்த அன்று அம்மா அதற்குச் சூடம் சுற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வரவேற்றாள். அதற்குப் பிறகு வெகுநாள் அந்த வண்டியைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். பெரியநாயக்கன்பாளையத்தில் குடியிருந்தோம். அப்பா ஃபிட்டராக இருந்த மில்லைப் பொங்கலுக்குப் பிறகு பூட்டிவிட்டார்கள். எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் விடுவது போல அப்பாவுக்கும் பெரிய லீவு விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனைமலையில் பெரியப்பாவின் தோப்பில் தேங்காய் ஏற்றி ஓய்ந்து, கடைசியில் கோழிகள் முட்டையிடும் இடமாகிப்போன வண்டி அது. அதைச் சரிசெய்து வாடகைக்கு ஓட்டினால் குடும்பம் நடக்கும் என்று அம்மா நம்பியிருந்தாள்.

அப்பா இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்தார். வண்டி நன்றாகவே ஓடியது. அத்தோடு விட்டிருக்கலாம். சலூனில் கிடந்த ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில், பாயப்போகும் பூனை மாதிரி தரையோடு பதுங்கி நிற்கும் ஒரு பிக்கப்பின் படத்தைப் பார்த்துவிட்டார். கேட்டுக் கிழித்துக் கொண்டுவந்து சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே ஒட்டினார்.

ஊரில் லோடு வண்டி வைத்திருப்பவர்கள் பாரம் தாங்குவதற்காக ஸ்பிரிங் பட்டைகளைக் கூடுதலாகப் போடுவார்கள். என் அப்பா அந்தப் படத்து வண்டி மாதிரி தாழ்த்துவதற்காக, இருந்த பட்டைகளிலும் சிலவற்றைக் கழற்றினார். மிச்சம் இருந்தவற்றின் வளைவைத் தட்டி நிமிர்த்திக்கொண்டு வந்தார். சிநேகிதர் ஒருவரின் லேத்தில் இரும்புக் கட்டைகள் கடைந்து, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் சொருகினார். ஒவ்வொரு தடவையும் வண்டி கொஞ்சம் இறங்கும். அப்பா தெருவுக்குப் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். இன்னும் இறங்க வேண்டும் என்று திரும்பி வருவார்.

நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் பாண்டி ஆடும் இடம் முழுக்க கிரீஸ். காயப்போட்ட பாவாடையில் கறுப்புக் கைத்தடம். சோறு வடிக்கும் பாத்திரத்தில் பழைய ஆயில். ரேஷனில் வரிசையில் நின்று அம்மா வாங்கிவந்த சீமெண்ணெயில் போல்ட்டுகள் ஊறின.

"ஏனுங்க, போல்ட்டுக்குத் தலைக்கு ஊத்திப்போட்டீங்க, செரி. சோத்த எதுல ஆக்கறதுங்க?" என்பாள் அம்மா.

"ரெண்டு நாள்ல முடிஞ்சுரும் அம்மணி" என்பது வண்டிக்கு அடியிலிருந்து வரும் பதில். அந்த ரெண்டு நாள் கோடை மழை வரைக்கும் நீண்டது. பக்கத்து மில்லில் காலைச் சங்கு ஊதினால் அப்பா காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுவார். சாயங்காலச் சங்குக்குத்தான் வெளியே வருவார்.

ஒருவழியாக மெரூன் பெயிண்ட் அடித்து வண்டி தயாரானது. சக்கரங்கள் பாதி உடம்புக்குள் மறைந்திருந்தன. பள்ளிக்கூடத்தில் என் கூட்டாளிகள், "உங்கூட்டு வண்டி ஏன்டி உக்காந்தே இருக்குது?" என்று கேட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமா வீட்டில் கல்யாணம் வந்தது. அம்மாவின் அண்ணன் அவர். தன் மகளுக்கான சீர் சாமான்களை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மண்டபத்துக்குக் கொண்டுபோகும் வேலையை அப்பாவிடம் கொடுத்தார். "மாப்பிள்ளைக்கு மொதல் வாடகை நம்முளுதா இருக்கட்டுமுங்க" என்றார்; தங்கை புருஷன் என்பதால் அப்பாவை அவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். பீரோ, கட்டில், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் ஏறின. ஏற ஏற வண்டி அமுங்கியது. டயர் எங்கேயோ உரசிக் கிறீச்சிட்டது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சாலையைப் பார்த்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் பட்டுப்பாவாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரயில்வே கேட்டில் தண்டவாளத்துக்காகச் சாலை மேடாக இருக்கும். முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. அடுத்த நொடி அடியிலிருந்து பெரிய சத்தம். வண்டியின் வயிறு மேட்டில் உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரம் புகை கிளப்பிச் சுற்றியதே தவிர வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

கேட்கீப்பர் சிவப்புக் கொடியோடு ஓடிவந்தார். "ஏனுங்க, ரயிலு வர்ற நேரமுங்க! கேட்டு அடைச்சாத்தானுங்க சிக்னல் உழுகும்!" இரண்டு பக்கமும் பஸ்ஸும் சைக்கிளும் சேர்ந்துவிட்டன. சாமான்களை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. மாமா மண்டபத்தில் வரிசையாக வைத்துக் காட்ட நினைத்த சீரெல்லாம் தண்டவாளத்தின் ஓரத்தில் வரிசையாக நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டே பீரோவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

கூட்டத்தில் மொபெட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "மில்லப் பூட்டுனாலும் பூட்டுனாங்க, பொழப்பத்துப்போயி வண்டிய நோண்டி வெளையாடறாங்க!"

இதே வார்த்தைகளை அம்மா தினமும் அடுப்படியிலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் அவளும் தலையாட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரரு கையில தொழில் இருக்குது, செய்யறாரு. உங்களுக்குக் கை இருந்தா வந்து ஒரு பக்கம் தூக்குங்க. இல்லீனா அக்கட்டால போங்க."

அவர் மொபெட்டை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்து தூக்கினார். பஸ்ஸிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். அம்மாவும் பின்பக்கம் கை கொடுத்தாள். வண்டி அலுங்கிக் குலுங்கி அந்தப் பக்கம் இறங்கியது. கேட் அடைபட்டு, ரயில் போனது. பீரோவும் கட்டிலும் கடைசியில் ஒரு மாட்டு வண்டியில்தான் மண்டபம் சேர்ந்தன. மாமா கல்யாணம் முடியும்வரை அப்பாவோடு பேசவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் சங்கு ஊதியதும் அப்பா வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தினார். கட்டைகளை உருவி எறிந்தார். கழற்றிப் போட்டிருந்த பட்டைகளைத் துடைத்து வரிசையாக வைத்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒழிந்தது சனியன், இனி நம் வண்டியும் எல்லோருடையதையும் போல நிற்கும்.

அம்மா காப்பி டம்ளரோடு வந்தாள். சாவகாசமாக வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"பின்னாடி ஒசத்திப்போடுங்க, லோடு தாங்கோணுமுல்ல. முன்னாடி மட்டும் சித்தெ எறக்கமாவே இருக்கட்டுமுங்க. பாக்க நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. இத்தனை நாள் திட்டியதெல்லாம் என்ன ஆயிற்று? ரயில்வே கேட்டில் ஊர் சிரித்தது போதாதா? இவளாவது தெளிவாக இருக்கிறாள் என்று நம்பியிருந்தேனே!

அப்பா காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் ஸ்பானர் சத்தமே கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். ஒரு கையை மடக்கிக் கண்களின் மேல் வைத்தபடி மல்லாந்து படுத்திருந்தார். காதோரத்துக் கிரீஸில் ஒரு ஈரக் கோடு இறங்கியிருந்தது. வேலையை விட்டுவிட்டுத் தூங்குகிறாரே என்று அடுப்படிக்கு ஓடி அதையும் அம்மாவிடம் புகார் சொன்னேன்.

"தூங்கட்டும் கண்ணு, அக்கட்ட போவாத" என்றாள் அம்மா.