டாக்டரிடம் சொல்ல முடியாமல் போன மூன்று மாதங்கள்

துவைக்க எடுத்த உள்பாவாடையில் அந்தக் கறையைப் பார்த்தபோது ஏதோ ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மாதவிலக்கு நின்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. அலசிக் காயப்போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தது. இந்தமுறை ரத்தம்தான் என்று தெரிந்தது. என் சின்னம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டே அவள் போய்ச் சேர்ந்தாள்.

திருவரங்குளம் பக்கம் ஒரு பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். சர்க்கரைக்காக மாதம் ஒருமுறை புதுக்கோட்டையில் எங்கள் டாக்டரைப் பார்ப்பேன். இருபது வருடமாக எங்கள் குடும்பத்துக்கு அவர்தான். கைராசிக்காரர் என்பதால் கூட்டம் ஓயாது. அவர் அறைக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேசும்போதே அடுத்த மூன்று பேர் பின்னால் பெஞ்சில் காத்திருப்பார்கள்.

அந்த மாதம் அவர் பிரஷர் பார்த்து முடித்ததும், "டாக்டர், இன்னொரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். போன் அடித்தது. பேசிக்கொண்டே மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டினார். பெஞ்சிலிருந்தவர் எழுந்து என் தோளருகே வந்து நின்றார். நானும் எழுந்துவிட்டேன். வெளியே வந்தபோது, உண்மையைச் சொன்னால், தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

அடுத்த மாதம் என் கணவரும் வந்தார். "அடிவயித்துல ஒரு மாதிரி இருக்கு டாக்டர்" என்றேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டு அவர் பேனாவைக் கீழே வைத்த நேரத்தில், கதிர் அறுக்கும்போது கையைக் கிழித்துக்கொண்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். டாக்டர் எழுந்து ஓடினார். திரும்பி வந்தவர், "எங்க விட்டோம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார்: "காத்துத் தொந்தரவுதான் டாக்டர். நேரத்துக்குச் சாப்பிட மாட்டேங்கிறா."

வாயு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தேன்.

அந்த மாதம் முழுவதும் நான் பயத்தோடுதான் நடமாடினேன். பள்ளியில் அரிசி அளக்கும்போது எண்ணிக்கை விட்டுப் போகும். பஸ்ஸில் சீட்டிலிருந்து எழும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பேன். என் உடம்பில் வாடை வருகிறதோ என்று பிள்ளைகளிடமிருந்து தள்ளியே நின்றேன்.

மூன்றாவது முறையும் என் கணவரோடு போனபோது, சீட்டு கைக்கு வந்ததும் மருந்துக் கம்பெனிக்காரர் பையோடு உள்ளே வந்தார். டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். பெஞ்சில் இருந்தவர் எழுந்தார். எழுந்திருக்க நினைத்தேன். கால் வரவில்லை.

"டாக்டர், எனக்கு ரத்தம் போகுது."

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. "மாசவெலக்கு நின்னு அஞ்சு வருஷமாச்சு. மூணு மாசமா ரத்தம் போகுது."

பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அப்பா. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற என் கணவர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் கொஞ்சம் அங்கிட்டு இருங்க" என்று டாக்டர் எழுந்து வந்து தானே கதவைச் சாத்தினார். போன் மறுபடி அடித்தது. அணைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

"ஏம்மா இத்தன நாளாச் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன் டாக்டர். ரெண்டு தடவ."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என் தப்புதாம்மா. பயமுறுத்துறதுக்குச் சொல்லல, ஆனா இனி ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது."

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருந்தது. பயாப்ஸி (சதையில் துளி எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு வர எட்டு நாள் ஆனது. புற்றுநோய் என்று வந்தது. கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுக்க வேண்டும் என்றார்கள்.

அறுவை சிகிச்சைக்காகத் திருச்சிக்குப் போகும் பஸ்ஸில், கீரனூர் தாண்டியதும் என் கணவர், "காத்துத் தொந்தரவுன்னு சொன்னேனே" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அறுவை சிகிச்சை செய்த பெண் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மூணு மாசம் முன்னாடியே வந்திருந்தா?"

"அத என்னால சொல்ல முடியாதும்மா. இப்ப வந்துட்டீங்க. இதப் பார்ப்போம்" என்றார்.

நோய் கர்ப்பப்பையின் சுவரைத் தாண்டவில்லை. கதிர்வீச்சு தேவைப்படவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். தையல் ஆறி, நிமிர்ந்து நடக்க ஆறு வாரம் ஆனது. குடம் தூக்க இன்னும் தைரியம் வரவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அந்தக் கறை தெரிந்திருந்தால், உட்கார்ந்ததும் அதையே முதலில் சொல்லிவிடுங்கள். சர்க்கரையும் பிரஷரும் பிறகு இருக்கட்டும். நடுவில் யாராவது வரத்தான் செய்வார்கள். அவர்கள் வந்து நிற்கும்போதே சொல்லுங்கள். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

நான் பிழைத்துக்கொண்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் எனக்கு வருடம் என்று ஒன்று இப்போது இல்லை. ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று மூன்று மாதங்கள்தான் இருக்கின்றன. அதில் கடைசி இருபது நாள் பயத்திலேயே போய்விடும். முன்பெல்லாம் உடம்பு இருப்பதே நினைவில் இருக்காது. இப்போது அடிவயிற்றில் சின்னதாக ஒரு இழுப்பு வந்தாலும் செய்கிற வேலையை விட்டுவிட்டு அது போகும்வரை அப்படியே நிற்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து மகன் போனவாரம் கேட்டான், "ஜூன்ல வாரீங்களாம்மா? டிக்கெட் போட்டுரவா?"

பரிசோதனை மே மாதம்.

"போயிட்டு வந்து சொல்றேன்பா" என்றேன்.