மாப்பிள்ளை டம்ளரில் பீர்

எங்கள் வீட்டில் அப்பா பீர் கட்சி, அம்மா வைன் கட்சி. அப்பா லாரி ஓட்டினார். அரூர் மண்டியில் புளி ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போவார். திரும்பி வரும்போது சீட்டுக்கு அடியில் ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு பீர் பாட்டில்களும் கூட வரும். சாராயத்தைத் தொடமாட்டார், பிராந்திப் பக்கம் போகமாட்டார். நாளெல்லாம் இன்ஜின் சூட்டில் வெந்து வருகிறவனுக்குக் கசப்பாகக் கொஞ்சம் ஏதாவது வேண்டும் என்பதுதான் அவர் கட்சியின் ஒரே கொள்கை. அந்தக் கசப்பை அவர் கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பதைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்கே தாகம் எடுக்கும்.

அம்மாவின் கட்சிக்கு வேதாகமமே துணை. நாங்கள் கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்த கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் ஊர்ச் சட்டப்படி வைன் குடியில் சேராது. அது கோயில் சமாச்சாரம். கிறிஸ்துமஸுக்கு முறுக்கு, அதிரசம் சுடுவதுபோல வைனும் போடுவார்கள். பண்டிகையன்று எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு ஸ்பூன் கிடைக்கும். பீர் அப்படியில்லை, அது சாராயக் கடைக்குத் தம்பி முறை. எதில் எவ்வளவு போதை என்றெல்லாம் யாரும் ஆராய்ந்ததில்லை. அப்பா பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் அம்மா ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்.

"கானாவூரு கல்யாணத்துல ஏசு தண்ணிய வைனாத்தாங்க மாத்துனாரு. பீரா மாத்தல."

அந்தக் கல்யாணத்துக்கு லாரி ஓட்டுகிறவன் ஒருத்தனும் வந்திருக்கமாட்டான், வந்திருந்தால் கேட்டிருப்பான் என்று அப்பா பதில் சொல்வார். அம்மா சிலுவை போட்டுக்கொள்வாள்.

இரண்டு கட்சிக்கும் நடுவில் இருந்தவள் அப்பாவின் தங்கை, என் அத்தை. அவள் இரண்டையும் குடிக்கமாட்டாள். ஆனால் வீட்டில் வைன் போடுவது அவள்தான். நவம்பர் மாதம் கறுப்புத் திராட்சையைக் கழுவி, துணியில் உலர்த்தி, கையால் பிசைந்து, சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் பட்டை கிராம்பும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டிவிடுவாள். தினம் ஒருமுறை ஈரமில்லாத மரக்கரண்டியால் கிளறவேண்டும். மற்ற நேரமெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். அத்தைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. எனக்கு ஒன்பது.

இருபத்தொன்பது என்பது எங்கள் ஊரில் ரகசியமாகச் சொல்லவேண்டிய எண். அவளைப் பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்து போயிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் பெண் கறுப்பு என்றார்கள். இரண்டாவது ஆட்கள் வயதைச் சொன்னார்கள். மூன்றாவது இடம் அநேகமாக முடிந்த மாதிரிதான் இருந்தது. அன்றைக்குப் பார்த்து அப்பா பெங்களூரிலிருந்து நேராக லாரியை வாசலில் நிறுத்திவிட்டு, வாயில் பீர் வாசனையோடு உள்ளே வந்து மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். குடிகார வீட்டுப் பெண் வேண்டாம் என்று மூன்றாம் நாள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று சாயந்திரம் அவள் தைத்த ஜாக்கெட்டுக்கு இரண்டு கையும் இடது கையாகப் போய்விட்டது. அதைப் பிரித்துக்கொண்டே அவள் அழுதாள். இந்த உலகத்தில் அத்தையைப்போல எனக்குப் பிடித்த ஆள் வேறு யாரும் இல்லை.

நான்காவது இடம் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். அப்போது ஓசூரும் எங்கள் மாவட்டம்தான். அவருடைய அப்பா பட்டைச் சாராயம் குடித்தே செத்துப்போனவர். அதனால் அவருடைய அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பெண் கறுப்போ சிவப்போ, வயது கூடவோ குறையவோ, அதெல்லாம் பரவாயில்லை. குடி வாசனை இருக்கிற வீட்டில் சம்பந்தம் செய்யமாட்டார். அவர்களும் கோயில்காரர்கள்தான், அதனால் வைன் மட்டும் அந்தக் கணக்கில் வராது. கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் நடுவில் ஒரு நாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

அப்பா அன்றே மாதா படத்தின் முன்னால் நின்று, தங்கைக்கு ஒரு வழி பிறக்கும்வரை பீரைத் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டார். அம்மா அதை நம்பவில்லை. ஆனால் அப்பா உண்மையாகவே தொடவில்லை. நிச்சயமான அன்று குடிப்பதற்கு என்று ஒரே ஒரு பாட்டிலை மட்டும் வாங்கிவந்து, மாட்டுக் கொட்டகையில் தவிட்டுப் பானைக்குள் புதைத்து வைத்தார். புதைக்கும்போது நான் பார்த்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் யோசிக்க ஆரம்பித்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. பெண் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளைக்கும் அம்மா கொடுத்தது வைன். மூன்று பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவோ, ஆம்பளைக்கு வைன் என்பது குழந்தைக்குக் கொடுக்கிற இருமல் மருந்து மாதிரி, பீர்தான் பிடிக்கும் என்று என் நினைவு தெரிந்த நாளாகச் சொல்லிவந்தார். அவரைச் சேர்ந்த டிரைவர்கள் எல்லாரும் அதை ஒத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் தப்பு அத்தையின் நிறத்திலும் இல்லை, வயதிலும் இல்லை. டம்ளரில் இருக்கிறது. பெரியவர்கள் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்கு அவர்கள் மேல் இரக்கமாகக்கூட இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா போட்ட நிபந்தனையும் எனக்குத் தெரியும். ஆனால் குடிக்கப்போவது அவர் இல்லையே.

அவர்கள் காலை பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அவர் சித்தப்பா, மூன்றே பேர். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையுமாக, பரீட்சைக்கு வந்தவர்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவர் அம்மா உள்ளே நுழைந்ததும் மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தார். வீடு சாம்பிராணி வாசனையில் இருந்தது. அப்பா குளித்து, பவுடர் போட்டு, கோயில் கணக்குப்பிள்ளை மாதிரி கை கட்டி நின்றார்.

அடுக்களையில் அம்மா தட்டில் டம்ளர்களை அடுக்கி வைனை ஊற்றினாள். மாப்பிள்ளைக்கென்று தாமரைப்பூ வெட்டிய பெரிய எவர்சில்வர் டம்ளர். ஊற்றிவிட்டு அத்தைக்குப் பூ வைக்கப் போனாள். நான் கொட்டகைக்கு ஓடித் தவிட்டுப் பானையிலிருந்து பீரைத் தோண்டி எடுத்துவந்தேன். பாட்டில் மூடியைக் கதவின் தாழ்ப்பாள் ஓட்டையில் கொடுத்து அழுத்தினேன், அப்பா செய்கிற மாதிரியே. பெரிய டம்ளரில் இருந்த வைனை வைன் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றிவிட்டு, பீரை நிரப்பி, நுரையை ஊதி ஊதி அடக்கினேன். அத்தை வந்து தலையைக் குனிந்தபடி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கூடத்தின் நடுவில் பாக்கும் வாழைப்பழமுமாக வெற்றிலைத் தட்டு இருந்தது. அதைப் பற்றிச் சொல்லவேண்டும். பெண் பார்க்க வந்த இடத்தில் பலகாரம் தின்னலாம், வைன் குடிக்கலாம், அதனால் யாரும் யாருக்கும் கடமைப்பட்டவர்கள் ஆகிவிடமாட்டார்கள். வெற்றிலையை மட்டும் தொடமாட்டார்கள். தொட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதையும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்தான் முதலில் தொடவேண்டும். முன்பு மூன்று முறையும் அந்தத் தட்டு யார் விரலும் படாமல் அடுக்களைக்குத் திரும்பி வந்திருந்தது.

அத்தை முதலில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்து, பட்டை கொஞ்சம் தூக்கல் என்றாலும் பதமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். சித்தப்பா எடுத்துக்கொண்டார். கடைசியில் தாமரைப்பூ டம்ளர் மாப்பிள்ளையின் கைக்குப் போயிற்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த டம்ளரையே பார்த்தேன். அவர் ஒரு வாய் குடித்தார். விழுங்காமல் அப்படியே வாயில் வைத்திருந்தார். பிறகு விழுங்கினார். டம்ளருக்குள் பார்த்தார். அத்தை பக்கம் நிமிர்ந்தார். தட்டில் மிச்சமிருந்த டம்ளர்கள் லேசாக உரசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவர் அம்மா அவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை உள்ளங்கையால் டம்ளர் வாயை மூடினாற்போல் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, ஒரே மூச்சில் முழுவதையும் குடித்து முடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எப்படி இருக்கிறது என்று சித்தப்பா கேட்டார். நல்லா இருக்குதுங்க என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு ஏப்பம் வந்தது. அதைப் பாதியில் விழுங்கினார். அவர் அம்மா ஏதோ கேட்பதற்காக அவர் பக்கம் குனிந்தார். மாப்பிள்ளை சட்டென்று கையை நீட்டித் தட்டிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்தார். காம்புகூடக் கிள்ளவில்லை. பாக்கை வைத்து மடித்து வாயில் திணித்துக்கொண்டார்.

அப்பாவின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது.

"எலே, நீ வெத்தலையே போடமாட்டியேடா" என்றார் அவர் அம்மா.

மாப்பிள்ளை மென்றுகொண்டே தலையை ஆட்டினார். அது எதற்கு ஆட்டினது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா மகனையும் அத்தையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சுவிட்டு, பையனே எடுத்துவிட்ட பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது என்று தானும் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அம்மா அடுக்களையில் நின்று சத்தம் வராமல் அழுதாள். நான் கொட்டகைக்குப் போய்க் கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

தை மாதம் கல்யாணம். அத்தை போட்ட வைன் பதமாக இருந்ததால்தான் முடிந்தது என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். மாதாவிடம் தான் வேண்டிக்கொண்டதுதான் காரணம் என்றார் அப்பா. அவர் தவிட்டுப் பானையைத் தோண்டிப் பார்த்துவிட்டு வந்து என்னை உற்றுப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். சத்தம் போட்டுக் கேட்க அவருக்கு வழியில்லை. உண்மையான காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற பெருமையோடு நான் அந்தக் கல்யாணத்தில் பன்னீர் தெளித்தேன்.

அந்தப் பெருமைக்கு முதல் சறுக்கல், அவர்கள் மறுவீட்டுக்கு வந்தபோது. மாப்பிள்ளை இப்போது எனக்கு மாமா; அப்பா ஆசையாக ஒரு பீர் பாட்டிலை அவர் முன்னால் வைத்தார். எனக்கு இந்த வாசனையே ஆகாதுங்க மச்சான், எங்கப்பா நினைவு வந்துடும் என்று மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்த ஆள் இப்படிப் பொய் சொல்லலாமா என்று கோபம்தான் வந்தது. கொஞ்சம் வளர்ந்த பிறகு நானாகவே வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பிடிக்காததைக் குடித்துவிட்டு, அம்மாவின் மூக்குக்குப் பயந்து அவசரத்தில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆக, என் தப்பில் ஒரு மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார்.

காலேஜில் படித்தபோது ஒரு விடுமுறைக்கு ஓசூர் போயிருந்தேன். அத்தை பிள்ளைகளைக் கூப்பிட்டுவரப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். இத்தனை வருஷம் மனதில் கிடந்ததை மாமாவிடம் சொல்லி, மன்னித்துவிடுங்கள் என்றேன். கதவு இடுக்கில் தெரிந்த கண்ணைப் பார்த்தபோதே யார் வேலை என்று தனக்குத் தெரியும் என்று அவர் சிரித்தார். வாசனையை மறைக்கப் போய் வெற்றிலையில் மாட்டிக்கொண்டீர்களே என்றேன்.

"வாசனைய மறைக்க வாழைப்பழம் போதாதா கண்ணு? அதுவும் அதே தட்டுலதான் இருந்துச்சு. வெத்தல எடுத்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"டம்ளருக்குள்ள என்னன்னு தெரிஞ்சதும் உங்கத்தைய நிமுந்து பாத்தேன். அவங்களுக்கும் அப்பத்தான் வாசன தெரிஞ்சிருக்கும் போல. நாலாவது தடவையும் போச்சுன்னு அந்த மொகத்துல எழுதியிருந்துச்சு. அதுக்கப்புறம் நான் எப்படி டம்ளரைக் கீழ வைக்கறது?"

அத்தையின் முகத்திலிருந்து அவர் இருந்த அதே தூரத்தில்தான் அன்று நானும் இருந்தேன். உலகத்திலேயே எனக்குப் பிடித்த முகம் அது. ஆனால் நான் டம்ளரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.