பொந்துக்குள் ஒரு மூக்கு

உமாதேவி ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் டீச்சர். ஓய்ந்த நேரமெல்லாம் ஊரார் சுவர்களில் பறவை வரைந்தே போயிற்று. ஒரு சுவரிலும் அவள் பெயர் கிடையாது. இப்போதுதான் அட்டையில் பெயரோடு ஒரு பறவைப் புத்தகம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்திருந்தது. இருவாச்சிப் பக்கத்தின் அமைப்பு தேறினால் முழுப் புத்தகமும் அவளுக்கு.

தேறினால்தானே. மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. வெற்றிடம் அதிகம் என்றார்கள் பதிப்பகத்தார். வால் புத்தகத்தின் நடு மடிப்பில் விழுகிறது என்றார்கள். பிறகு, பொட்டை எங்கே என்றார்கள். ஆணும் பெண்ணும் ஒரே பக்கத்தில் முழுசாகத் தெரிய வேண்டுமாம். இந்த மாதிரிப் புத்தகங்களில் அதுதான் வழக்கம்.

மரத்தைப் பென்சிலில் போட்டுவிட்டு, பறவைகளை ட்ரேசிங் பேப்பரில் வெட்டித் தாளின்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கழுத்து வலியோடு, ஒரு பொட்டையை வெட்டி மேல்கிளையில் வைத்தாள். இடம் கச்சிதமாக நிரம்பியது. போட்டோ எடுத்து அனுப்பினாள்.

புத்தகத்தைக் கவனிக்கும் ரூபா உடனே கூப்பிட்டாள். "ஆய்த்து அக்கா, இதுதான். கலர் போட ஆரம்பிங்க."

போனை வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. கீழே ஆண் இருவாச்சி, அடைத்த பொந்தின் பிளவில் ஆலம்பழம் ஊட்டுகிறது. பிளவில் பொட்டையின் மூக்கு நுனி. முட்டையிடப் போகும் பொட்டை உள்ளே இருந்தபடியே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். குஞ்சு வளரும்வரை வெளியே வராது. அப்படியென்றால் மேல்கிளையில் உட்கார்ந்திருப்பது யார்? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுபடி கூப்பிட்டாள். "பொட்டை உள்ளாற இருக்குதுங்க ரூபா. வெளிய இன்னொண்ணு வெக்க முடியாதுங்க."

"பொட்டை முழுசா தெரியலேன்னா வேற ஆர்ட்டிஸ்ட்டுக்குக் குடுத்துருவாங்க அக்கா. இதுக்கு மேல என்னால பேச முடியாது."

வாதாட உமாதேவிக்குத் தெம்பில்லை. ரப்பரை எடுத்து மூக்கு நுனியை அழித்தாள். பூச்சையும் அழித்துப் பொந்தைத் திறந்துவிட்டாள். ஆணை மேலே நகர்த்திப் பழத்தைப் பொட்டைக்கு நேராக வைத்தாள். ஜோடி சேரும் காலத்துப் படம் ஆகிவிட்டது. எந்தப் பறவைக்காரரும் குறை சொல்ல முடியாது. எல்லாம் ஐந்து நிமிஷ வேலை.

அந்த நுனியைப் பார்க்கத்தான் எட்டு நாள் காலையில் பள்ளிக்குப் போகும் முன் ஒரு பொந்து மரத்தடியில் நின்றாள். அதை வரையத்தான் இந்தப் புத்தகமே வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

மாற்றிய படத்தை அனுப்பியதும் 'சூப்பர்' என்று ரூபாவிடமிருந்து வந்தது. புத்தகம் கிடைத்துவிட்டது. உமாதேவி தாளிலிருந்த ரப்பர் தூளை ஊதித் தள்ளினாள். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பச்சையைக் கரைக்க ஆரம்பித்தாள்.