ஜூலியா வசிக்கும் இடம்

நீதிமன்ற வளாகத்தின் வாசலில் பெண் காவலர் இன்பராணியின் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், மருத்துவமனை அடையாள அட்டை, சிறிய வளைந்த கத்தரிக்கோல் ஒன்று. கத்தரிக்கோலை மட்டும் எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, எண் எழுதிய டோக்கனைக் கொடுத்தார். போகும்போது வாங்கிக்கொள்ளலாம். அது தையல் பிரிக்கும் கத்தரிக்கோல். நர்சுகளின் பையில் இப்படி ஏதாவது ஒன்று எப்போதும் கிடக்கும். இன்பராணி டோக்கனைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

அன்று அவளுக்கு இரண்டு காரியங்கள் இருந்தன. காலையில் வழக்கின் உத்தரவு. பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிவரை, அதே வளாகத்தில் உள்ள குழந்தைகள் அறையில், மகள் ஜூலியாவோடு இருக்கலாம். அதற்காகப் பிள்ளையை அதன் அப்பா ஊரிலிருந்து அழைத்துவர வேண்டும் என்று கோர்ட் சொல்லியிருந்தது. ஜூலியாவுக்கு ஆறரை வயது. இன்பராணி அவளைத் தொட்டு ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன.

நாகர்கோவிலில் நர்சிங் முடித்து இன்பராணி டெல்லிக்கு வந்து பதினான்கு வருடங்கள். ஒரே தனியார் மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்போது அவள்தான் பொறுப்பு நர்ஸ். முனிர்காவில் மூன்றாவது மாடியில் வீடு. கணவன் எபினேசர் வேறொரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருந்தான். அவனும் நாகர்கோவில், அதே சபை. ஊரில் பெண் பார்க்க வந்தபோதுதான், டெல்லியில் அவன் இரண்டு மெட்ரோ நிலையம் தள்ளி வேலை பார்க்கிறான் என்பது தெரிந்தது.

பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். மூன்று மாதக் குழந்தையோடு திரும்பினாள். இரண்டாவது குளிர்காலத்தில் ஜூலியாவுக்கு இரண்டு முறை நிமோனியா வந்தது. டெல்லிக் காற்று இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். இரவு டியூட்டி மாதத்தில் பத்து நாள். காசு வாங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி, காய்ச்சல் என்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். ஒன்றரை வயதில் ஜூலியா நாகர்கோவிலுக்குப் போனாள். எபினேசரின் அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் வளர்த்தாள்.

இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இன்பராணியின் வார்டில் இருந்த ஏழு பேரில் நான்கு பேரின் குழந்தைகள் ஊரில் இருந்தார்கள். தூத்துக்குடியில், மார்த்தாண்டத்தில், கோட்டயத்தில். கைபேசியின் முகப்பில் சிரித்தார்கள். பிள்ளை எங்கே என்று கேட்டால் "ஊர்ல நிக்குது" என்பார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி, சற்று நேரத்தில் வந்துவிடும் என்கிற மாதிரி.

மூன்றரை வருடத்துக்கும் மேல் நின்றது. ஐந்து வயது முடிந்த அக்டோபரில் இன்பராணி போய் அழைத்துவந்தாள். இரவு டியூட்டி இல்லாத பொறுப்பு அப்போதுதான் அவளுக்குக் கிடைத்திருந்தது. ஏழு மாதம் மூவரும் ஒரு வீட்டில் இருந்தார்கள். ஜூலியா ராஜ்மா தின்னக் கற்றுக்கொண்டாள். மாடிப்படியில் எதிர்ப்படும் பால்காரனை "பையா, ருக்கோ" என்று நிறுத்திவைக்கக் கற்றுக்கொண்டாள். ஏப்ரலில் ஆர்.கே.புரத்தில் ஒரு பள்ளியில் யு.கே.ஜி. சேர்த்தார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எபினேசர் ஊருக்குப் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நண்பனோடு சேர்ந்து நாகர்கோவிலில் பரிசோதனைக்கூடம் வைக்கப்போவதாகச் சொன்னான். இன்பராணியும் ஊரில் வேலை தேடிக்கொள்ளலாம், அக்கா வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது என்றான். அவள் மாட்டேன் என்றாள். கோபத்தில் முதலில் சொன்னாள், பிறகு யோசித்தும் சொன்னாள். மே மாத விடுமுறைக்கு அவன் பிள்ளையை அழைத்துக்கொண்டு போனான். இவளே நிஜாமுதீன் நிலையத்துக்குப் போய் ரயில் ஏற்றிவிட்டாள். மூன்று வாரம் கழித்து செய்தி வந்தது. ஜூலியாவை இங்கே பள்ளியில் சேர்த்தாயிற்று. உனக்குப் பிள்ளை வேண்டுமானால் நீ வா.

இலவச சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னது வார்டில் படுத்திருந்த ஒரு நோயாளியின் மகள். சம்பளம் வாங்குகிறவளுக்கு எப்படிக் கொடுப்பார்கள் என்று இன்பராணி கேட்டாள். பெண்களுக்கு வருமானம் பார்ப்பதில்லை என்றாள் அவள். அப்படித்தான் இருந்தது. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்த பன்னிரண்டாம் நாள் ஒரு வக்கீலை நியமித்தார்கள். பெயர் சுபாஷிணி. ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.

முதல் சந்திப்பிலேயே சுபாஷிணி ஒன்றைச் சொன்னார். யார் நல்ல அம்மா, யார் நல்ல அப்பா என்பதைக் கோர்ட் பிறகுதான் கேட்கும். குழந்தை எந்த ஊரில் வழக்கமாக வசிக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்தான் அதைக் கேட்கலாம். ஆகவே ஜூலியா டெல்லியில் வசிப்பவள் என்று முதலில் காட்ட வேண்டும். அதற்கு என்னென்ன காகிதம் இருக்கிறது?

இன்பராணி எல்லாக் காகிதங்களையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள். பிறப்புச் சான்றிதழ், நாகர்கோவில். ஞானஸ்நானச் சான்றிதழ், நாகர்கோவில். ஆதார், எபினேசரின் அக்கா வீட்டு விலாசம். தடுப்பூசி அட்டையில் நடுவில் மட்டும் இரண்டு டெல்லி முத்திரைகள். முனிர்கா வீட்டுக்குப் பதினோரு மாத ஒப்பந்தம், அதில் குழந்தையின் பெயர் இல்லை. பள்ளியில் முப்பத்தோரு நாள் வருகை.

சுபாஷிணி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசித் தாளைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"எங்க அப்பாவும் இதே கேஸ்தான், சிஸ்டர். நாப்பது வருஷம் டெல்லில சர்வீஸ். ரிட்டயர் ஆகி துவாரகால ஃப்ளாட் வாங்கியாச்சு. இன்னும் எந்த ஃபாரம் குடுத்தாலும் பர்மனன்ட் அட்ரஸ் கும்பகோணம்தான். அந்த வீட்டை வித்தே இருபது வருஷம் ஆச்சு."

இன்பராணி சிரித்தாள். அந்த வழக்கில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இடைக்கால ஏற்பாடாக ஞாயிறும் புதனும் மாலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் வீடியோவில் பேசலாம் என்று கோர்ட் சொன்னது. மத்தியஸ்த மையத்தில் மூன்று அமர்வுகள் நடந்தன. மூன்றிலும் எபினேசர் அவளை அங்கே வரச் சொன்னான். மூன்றிலும் அவள் பிள்ளையை இங்கே அனுப்பச் சொன்னாள். மத்தியஸ்தர் மூன்றாவது முறை தேநீர் வரவழைத்தார்.

பிறகு விசாரணை. எபினேசரின் வக்கீல் ஒரே ஒரு தாளை எடுத்து நீட்டினார். பள்ளிச் சேர்க்கைப் படிவம். தற்போதைய முகவரி என்ற இடத்தில் முனிர்கா. நிரந்தர முகவரி என்ற இடத்தில் நாகர்கோவில். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றாள். யாராவது வற்புறுத்தி எழுதச் சொன்னார்களா? இல்லை. அப்படியானால் குழந்தையின் நிரந்தர வீடு எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது, அல்லவா?

அவளுக்கு நல்ல கையெழுத்து. நோயாளிகளின் குறிப்பேட்டில் பதினான்கு வருடம் எழுதிய கை. ஒவ்வொரு எழுத்தும் அதன் கட்டத்துக்குள் நின்றது. எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம் என்று சொல்ல வாயெடுத்தாள். எல்லாரும் என்றால் யார் என்று அந்த வக்கீல் கேட்டிருப்பார். அவள் சொல்லவில்லை.

கத்தரிக்கோலை வாசலில் விட்டுவந்த அன்று, காலை பதினொன்றரைக்கு உத்தரவு வந்தது. குழந்தை தன் ஆறரை வருடத்தில் பெரும்பகுதியைப் பெற்றோர் இருவரின் சம்மதத்தோடு நாகர்கோவிலில் கழித்திருக்கிறது. டெல்லியில் கடைசியாக இருந்தது ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தை நிலையான வசிப்பு என்று கொள்ள ஆதாரம் போதவில்லை. மனு, உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்காகத் திருப்பித் தரப்படுகிறது. நீதிபதி ஒரு பெண். தாளிலிருந்து தலையைத் தூக்கி, இது உங்கள் தாய்மையைப் பற்றிய தீர்ப்பு இல்லை என்று இந்தியில் சொன்னார். இன்பராணி தலையசைத்தாள். நோயாளியின் உறவினரிடம் தான் பேசும் குரல் அது என்று அவளுக்குத் தெரிந்தது.

மாடிப்படிக்குக் கீழே சுபாஷிணி அவளை உட்காரவைத்தார்.

"உங்க மேல ஜட்ஜ் தப்பு சொல்லல, சிஸ்டர். அதே பெட்டிஷனை நாகர்கோவில்ல போடலாம். அங்கயும் லீகல் எய்ட் வக்கீல் குடுப்பா. நான் லெட்டர் தரேன். முதல் நாளே லீவுக்குக் குழந்தையை உங்ககிட்ட அனுப்பணும்னு இடைக்கால மனு போடச் சொல்லுங்கோ."

அப்பீல் போட முடியாதா என்று இன்பராணி கேட்டாள். போடலாம் என்றார் சுபாஷிணி. ஆனால் மாதங்கள் ஆகும். அத்தனை மாதமும் குழந்தை அங்கேதான் இருப்பாள், அங்கே வசிக்கிறாள் என்பது இன்னும் கெட்டியாகும். இங்கே காத்திருக்காமல் அங்கே போய்ப் போடுவதுதான் வேகம். சில வாய்தாக்களுக்கு வீடியோவிலேயே ஆஜராக அனுமதி கேட்கலாம். வீடியோ பேச்சை மட்டும் ஒரு நாள்கூடத் தவறவிடாதீர்கள், பேசிய தேதியைக் குறித்துவையுங்கள்.

பிறகு மடியில் வைத்து நாகர்கோவிலுக்கான விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தார். தற்போதைய முகவரி. முனிர்கா என்றாள் இன்பராணி.

"பர்மனன்ட்?"

மேலே யாரோ செருப்புச் சத்தத்தோடு படியேறிப் போனார்கள்.

"அதுவேதான்," என்றாள்.

சுபாஷிணி எழுதினார்.

குழந்தைகள் அறையில் ஒரு பிளாஸ்டிக் சறுக்கு மரமும் குட்டி நாற்காலிகளும் இருந்தன. சுவரில் நீல யானை வரைந்திருந்தார்கள். வாசலில் பதிவேட்டோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எபினேசர் ஜூலியாவை உள்ளே விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். கண்ணாடி வழியாக அவனுடைய தோளும் காதும் தெரிந்தன. அவனும் மெலிந்திருந்தான்.

ஜூலியா கொஞ்ச நேரம் யானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து அம்மாவின் முழங்காலில் சாய்ந்தாள். இன்பராணியின் கை தானாகவே பிள்ளையின் உடம்பில் போயிற்று. கழுத்தில் சூடு இல்லை. நகம் வெட்டியிருந்தது. கண் கீழிமையின் உட்புறம் சிவப்பாகத்தான் இருந்தது, ரத்தக்குறைவு இல்லை. இரண்டு கிலோ ஏறியிருப்பாள். நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அது அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை, அதைக் குறையாகச் சொல்லவும் முடியவில்லை.

டிபன் டப்பாவைத் திறந்து ஊட்டினாள். ஜூலியா ஒரு வாய் மென்றாள்.

"அம்மா, இது என்ன பயறு?"

"ராஜ்மா மக்களே. ஒனக்குப் பிடிக்குமே."

"அப்பிடியா," என்றாள் ஜூலியா. மரியாதைக்கு இன்னொரு வாய் வாங்கிக்கொண்டாள்.

வாயைத் துடைத்துவிட முகத்தை நிமிர்த்தியபோதுதான் மோவாய்க்கு அடியில் அந்தக் கோட்டைப் பார்த்தாள். ஒன்றரை அங்குலம். மூன்று தையல். ஆறி ஒரு மாதம் இருக்கும். நல்ல கை போட்ட தையல் இல்லை. நடுவில் ஒரு புள்ளி மட்டும் சிவந்து வீங்கியிருந்தது. விரல் நுனியால் தடவினாள். உள்ளே கறுப்பு நூலின் ஒரு முனை இருந்தது. பிரித்தவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள்.

போன மாதம் முழுக்க வீடியோவில் நெற்றியும் கண்ணும்தான் தெரிந்தன. பிள்ளைக்கு போனைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்திருந்தாள். கொஞ்சம் கீழே இறக்கு மக்களே என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள்.

"எப்பம் விழுந்த?"

"குளிமுறியில வழுக்கிட்டு. அத்தைதான் அழுதா. நான் அழல." ஜூலியா குரலைத் தாழ்த்தினாள். "ஒன்கிட்ட காட்டக் கூடாதுன்னு சொன்னாவ."

"நோவுதா?"

"தொட்டா."

இன்பராணியின் கை பைக்குள் போனது. பக்கவாட்டு அறையைத் துழாவியது. கத்தரிக்கோல் வாசலில் இருப்பது பிறகுதான் நினைவு வந்து, கை வெளியே வந்தது. அரை நிமிட வேலை. நூலின் முனையைத் தூக்கி, கீழே வெட்டி, இழுத்தால் போதும். இதுவரை எத்தனையோ மோவாய்களில், எத்தனையோ முழங்கால்களில் செய்தது.

மீதி நேரம் ஜூலியா சறுக்கு மரத்தில் விளையாடினாள். ஒவ்வொரு முறையும் மேலே ஏறி, அம்மா பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டுச் சறுக்கினாள். ஒரு தடவை மேலே நின்றுகொண்டே கேட்டாள். "நீ எப்பம் ஊருக்கு வருவ?"

"வாறேன். இந்தத் தடவ கோர்ட்டுக்கு வாறேன்."

"வீட்டுக்கு?"

"எறங்கு மக்களே. பின்னால பிள்ளைக நிக்கி பாரு."

நான்கு மணிக்குப் பதிவேட்டுப் பெண் நாற்காலியைத் தட்டினார். எபினேசர் உள்ளே வந்தான். ஜூலியாவின் செருப்பை எடுத்துப் போட்டுவிட்டான். இன்பராணி அவனிடம் சண்டை போட வேண்டும் என்று ஒன்றரை மணி நேரமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கினான். "சொன்னா நீ கோர்ட்டுல எழுதிக் குடுப்ப. வக்கீலு சொல்லாண்டாம்னு சொன்னாரு."

எழுதிக் கொடுத்திருப்பாள். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஒரு தையல் உள்ள நிக்குது," என்றாள். "நடுவுல உள்ளது. சீழ் வைக்கதுக்கு முன்ன எடுத்திரணும். ஊருக்குப் போன ஒடனே. கம்பவுண்டர்ட்ட காட்டாத, டாக்டர்ட்ட காட்டு."

"செரி."

"எடுத்துட்டு எனக்குக் காட்டு. போனைக் கீழ பிடிச்சு."

"செரி," என்றான் எபினேசர்.

ஜூலியா கை காட்டிவிட்டு அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தாழ்வாரம் நீளமானது. கடைசித் தூணில் திரும்பிப் பார்ப்பாள் என்று இன்பராணி நின்றாள். அதற்குள் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். வெளியேறிய நேரம், உறவுமுறை, கையொப்பம். கட்டத்துக்குள் எழுதினாள்.

வாசலில் கைக்குட்டை முடிச்சை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காவலர் டோக்கனை வாங்கிக்கொண்டு தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். இன்பராணி அதைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து இரண்டு பக்கமும் ஜூலியாவைத் தேடிப் பார்த்தாள். ஆட்டோக்கள் நிற்பது பின்வாசலில் என்று ஒரு பழக்காரர் சொன்னார்.