வட்டத் தலைக்குக் கீழே ஒரு பெயர்

கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டால் அப்பா உடனே நகர மாட்டார். படம் வந்து, முகமில்லாத வட்டத் தலையும் அதன் கீழே ஒரு பெயரும் தெரிந்த பிறகுதான், "வந்துடுச்சு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு விலகுவார். வீட்டில் மகள் லேப்டாப்பைத் திறந்தாலும் அப்படித்தான். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அலுவலகத்தில் அவர் கடைநிலை ஊழியர். காலை எட்டரைக்குப் பதினொரு கம்ப்யூட்டர்களையும் உயிர்ப்பிப்பது இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை. வெறும் நீலமாக இருந்த திரையில் பிறகு இலையும் பறவையும் வந்தன, அப்புறம் கடலோரப் பாறை வந்தது. பதினொன்றிலும் யார் யார் பெயரோ இருந்தது. அவர் பெயர் எதிலும் இல்லை.

ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கும்போது, இனி எல்லோரும் லீவைக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்பாவுக்கான கணக்கு மட்டும் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுத்துக்கொண்டே போனது. மகளுக்குப் பட்டமளிப்பு நாளோ நெருங்கிவிட்டது. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம்.

தபால் பிரிவு அக்காதான் மனசு கேட்காமல் தன் பாஸ்வேர்டைச் சொன்னாள்.

"உள்ளே போய் படிவத்தை மட்டும் பிரிண்ட் எடுங்கண்ணே. வேற எதையும் தொட்டுடாதீங்க."

அப்பா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, படிவத்தைத் திரையிலேயே நிரப்பி அனுப்பிவிட்டார். யார் பேனாவை வாங்கி எழுதினாலும் லீவு எழுதினவனுக்குத்தானே என்பது அவர் கணக்கு. ஆனால் லீவு அக்கா பெயரில் ஏறியது.

பட்டமளிப்பு நாளில் அப்பா மகளோடு இருந்தார்; லீவு ஏறியிருந்த அக்காவோ தன் நாற்காலியில்தான் இருந்தாள். மறுநாள் அதிகாரி இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இவங்க பேர்ல உள்ளே போனது யாரு? நீயாய்யா?"

அக்கா அப்பாவையே பார்த்தாள். அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாள்.

"எனக்கு ஆன் பண்ணத்தான் சார் தெரியும்."

எத்தனையோ வருஷமாக எல்லோரும் சிரித்த பழைய ஜோக். அதிகாரியும் சிரித்துவிட்டார். சொல்லாமல் போன லீவுக்கு அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் போனது. பாஸ்வேர்டை யாருக்கோ கொடுத்ததற்காக அக்காவுக்குப் பதவி உயர்வு நின்றது, வேறு ஊருக்கு மாற்றலும் வந்தது. கொடுத்தது யாருக்கு என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.

இதெல்லாம் மகளுக்குத் தெரிந்தது அப்பா ஓய்வுபெற்ற பிறகு, பட்டமளிப்புப் படத்துக்குச் சட்டம் போட்டு அவள் ஆணி தேடிய அன்று.

"அதை மாட்டாதம்மா."

"ஏம்ப்பா? நீங்க எவ்வளவு ஜோரா நிக்கிறீங்க."

அவர் சொல்லி முடித்தார்.

"பென்ஷன் போயிடுமோன்னு பயந்துட்டேன். உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டேன்."

"நேர்ல போய்ச் சொல்லிடுங்கப்பா."

"போறேன். இந்த ஞாயித்துக்கிழமை."

இரண்டு முறை சட்டை மாட்டிக்கொண்டு பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினார். மூன்றாவது முறைக்கு அவர் இல்லை.

இப்போது மகள் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் வட்டத் தலைக்குக் கீழே அவள் பெயரே வருகிறது. அதை அவளால் சந்தோஷமாகப் பார்க்க முடிவதில்லை. அந்தப் படத்தில் அப்பா சிரித்த சிரிப்புக்கு விலை கொடுத்தது யார்? அப்பாவைப் போகச் சொன்ன வாய்க்கு, தானே போக ஏன் கால் வரவில்லை?

"நான்தான் சார்" என்ற இரண்டு வார்த்தை, அப்பா வைத்துவிட்டுப் போன கடன். அக்காவின் முகவரி அவளிடம் இருக்கிறது. லீவும் இருக்கிறது.