கலுங்கை நோக்கி ஓடிய படகு

கிதிர் முகம்மது அண்ணாச்சியை நேற்று அடக்கம் செய்தோம். தென்காசியில் அவரைத் தையல்காரராகத்தான் தெரியும். அதற்கு முன் கொச்சியில் ஒரு படகு கிளப்பில் பாய் தைத்தவர். பந்தயப் படகும் ஓட்டியவர். 1953இல் ஒரு பந்தயத்தில், காற்று ஓய்ந்துவிட்டதென்று நம்பிப் பாயை மறுபக்கம் திருப்பினார். அடுத்த வீச்சில் பாயின் கீழ்க்கட்டை சுழன்று அடித்து, உடனிருந்த மச்சினன் மூசா இறந்துபோனான். அதன்பின் எட்டு வருஷம் அவர் சுக்கானைத் தொடவில்லை.

1961 ஆடியில், குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த எஸ்டேட் மானேஜர் ஒருவர் இரண்டு சின்னப் பாய்ப்படகுகளை லாரியில் கொண்டுவந்து எங்கள் பக்கத்துக் குளத்தில் இறக்கினார். கிழிந்த பாயைத் தைத்துக் கொடுத்த அண்ணாச்சியிடம், "தைக்கத்தான் தெரியுமா, ஓட்டவும் வருமா?" என்று சிரித்தார்.

அண்ணாச்சி, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "ஏலே செல்லச்சாமி, ஏறுதியா?"

ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"வேட்டியக் கெட்டிக்கிட்டு பந்தயத்துக்கு வந்தவன் நீதாம்லே மொத ஆளு" என்றார். அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை.

மேற்குக் கரையிலிருந்து கிழக்கே மடைப்படி வரை மானேஜருக்கும் எங்களுக்கும் பந்தயம். செங்கோட்டைக் கணவாய்க் காற்று முதுகில். நேரே ஓடினால் வேகம் வராது. முதலில் தென்கிழக்கே ஓடி, பிறகு பாயைத் திருப்பி வடகிழக்கே போக வேண்டும். திருப்பத் தவறினால் எதிரே கலுங்கு, குளத்தின் மிச்சத் தண்ணீர் வழியும் கல்லணை. குளம் நிறைந்து, கலுங்குக் கற்களின் மேல் தண்ணீர் அருவிபோல் விழுந்துகொண்டிருந்தது.

நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மேற்குக் கரைப் பனைகள் சாய்ந்தால் காற்று வருகிறதென்று அர்த்தம்; அதைச் சொல்ல வேண்டியது என் வேலை.

காற்று ஓய்ந்தது. கலுங்குச் சத்தம் கேட்டது.

"இப்பத் திருப்புங்க அண்ணாச்சி!"

"சும்மா கெட. படகு நின்னிருக்கும்போது திருப்புனா அடுத்த காத்து முழுசா பாயில அடிக்கும். காத்தோட ஓடும்போதுதான் பாய் லேசாகும். பனையப் பாரு."

பனைகள் சாய்ந்தன. கத்தினேன். படகு பறந்தது. அவர் திருப்பவில்லை. என் தலையையும் அதற்கு மேலிருந்த கட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். மூசா உட்கார்ந்த இடத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுபடி ஓய்வு. பின்னால் வந்த மானேஜர் அந்த அமைதியை நம்பித் திருப்பினார். பாதி திரும்புவதற்குள் காற்று அறைந்தது, படகு கவிழ்ந்தது.

"பனை சாயுதா லே?"

நான் கலுங்கைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செல்லச்சாமி! வாயத் தொற!"

"சாயுது... சாயுது அண்ணாச்சி!"

கலுங்குக் கற்களின் பாசி தெரிந்தது. படகின் மூக்கு நிமிர்ந்து வேகமெடுக்கும்வரை அவர் பொறுத்தார்.

"குனிலே!"

கட்டை என் பிடரிக்கு மேலே கதவு சாத்துவதுபோல் கடந்து போனது. அவ்வளவுதான். படகு வடகிழக்கே திரும்பியது.

மடைப்படி பக்கத்திலேயே இருந்தது. அவர் அதற்குப் போகவில்லை. கவிழ்ந்த படகின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்த மானேஜரிடம் போய்க் கயிற்றை வீசினார். கரையேறியதும் அண்ணாச்சி குந்தி உட்கார்ந்து வாந்தியெடுத்தார். என் தலையை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார், அடிபட்டவன் தலையைப் பார்ப்பதுபோல.

பிறகு அவர் படகேறவில்லை. காற்று பலமானால் தையல் மிஷினில் அவர் கால் நின்றுவிடும்.

நேற்று மண் தள்ளும்போது மேற்கே பனைகள் சாய்ந்தன. சொல்ல வாயெடுத்துவிட்டேன்.