பாசிக்கு ஒரு ரோஸ் விளக்கு

மீன்தொட்டித் தண்ணீர் பச்சையானதும் வீட்டில் உத்தரவு வந்துவிட்டது. மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அப்பா அம்மா நாங்குநேரியிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள்.

"அவுக வாரதுக்குள்ள தண்ணி தெளியணும். இல்லன்னா தொட்டிய களக்காட்டுல உங்க தம்பி வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்றாள் மனைவி.

தம்பி வீட்டில் மூன்று பூனைகள்.

அங்கே இங்கே படித்து ஒரு பாசி ஃபில்டர் செய்தேன். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சொரசொரப்பான வலை. மோட்டார் தொட்டித் தண்ணீரை ஏற்றி அதன்மேல் ஊற்றும். எதிரே பலமான விளக்கு. தண்ணீரிலுள்ள சத்தை வலைப் பாசி தின்றுவிட்டால், தொட்டிப் பாசிக்குப் பட்டினி.

"திருட்டு போகக்கூடாதுன்னு திருடனைக் கூப்பிட்டு சோறு போடுதீகளாக்கும்" என்றாள்.

எந்த விளக்கு என்பதில்தான் சிக்கல். வீட்டில் கிடந்த வெள்ளை பல்புக்கு, வலையில் காப்பிக் கசடு மாதிரி ஏதோ பழுப்பாகப் படிந்ததோடு சரி. ஜங்ஷன் பக்கத்து எலெக்ட்ரிக் கடைக்கு ஓடினேன்.

"பாசி வளர்க்க நல்ல லைட்டாக் குடுங்க அண்ணாச்சி."

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எங்க மாடித் தொட்டில லைட்டே இல்லாம வளருதே வே. வந்து அள்ளிட்டுப் போரும்."

கடைசியில், வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் வாங்கும் சிவப்பும் நீலமும் கலந்த விளக்கைக் கொடுத்தார். தொட்டிப் பக்கம் மட்டும் அட்டை வைத்து மறைத்தேன். மற்றபடி கூடமே ரோஸ். நான் ரோஸ், சுவர் ரோஸ், சாம்பாரும் ரோஸ். ஆனால் வலையில் பாசி பச்சைப் பசேலென்று தொங்கியது. தொட்டியும் தெளியத் தொடங்கியது.

சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள் மத்தியானமே வந்து இறங்கினார்கள். வெளியே ஐப்பசி மழை இருட்டு. உள்ளே ஜோராக ரோஸ். சம்பந்தம் பேச வந்த வீடு இப்படியா இருக்கும்? சுவிட்சை அணைத்திருக்கலாம், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பதறுகிறவனுக்குச் சுவிட்சா ஞாபகம் வரும்? தோளில் கிடந்த துண்டை உருவி ஃபில்டர் மேல் போட்டேன்.

இப்போது துணிக்குப் பின்னால் ஒளிவட்டம். உள்ளே சளசளவென்று தண்ணீர் விழுகிற சத்தம். பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றியவர் அப்படியே கைகூப்பி நின்றுவிட்டார்.

"அபிஷேகம் நடக்கு" என்றார் தன் மனைவியிடம் தணிந்த குரலில். "திரை எடுக்கட்டும், பைய உக்காருவோம்."

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மீன்களைப் பார்த்தேன். எவ்வளவு நேரம்தான் அபிஷேகம் செய்வது? துண்டை எடுத்தேன்.

பச்சைத் தாடி மாதிரி பாசி. கூப்பிய கைகளுக்கு இறங்கும் வழி தெரியவில்லை.

"பாசிங்க" என்றேன். "தண்ணியச் சுத்தம் பண்ணும்."

அவர் குனிந்து, தொட்டி வழியாக எதிர்ப்பக்கம் நின்ற என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "தண்ணி இருக்கதே தெரியலியே! எங்க வீட்டு மீன்தொட்டி அரிசி களைஞ்ச தண்ணியாக் கிடக்கு. இந்த லைட்டு எங்கன வாங்குனீக?"

பூனைகளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி என் துண்டைத் துவைக்கப் போட்டுவிட்டு, பழைய பட்டுச்சேலையில் வெட்டித் தைத்த திரையொன்றை ஃபில்டருக்கு மாட்டினாள்.

"வாரவங்க கும்பிட்டாலும் லெச்சணமா இருக்கணும்லா."